மேற்படிப்பு ஆசை இருக்கா?

"ஊரில எம்.எஸ்ஸி. பாதியில விட்டிட்டு வந்தனான், இங்க தொடரலாமோ?" என்று பலர் கேட்கிறார்கள்.

பிரித்தானியாவில் அகதி வழக்கு முடியும்வரை அரசாங்கப் படிப்புக் கடன் இல்லை. செவனிங் புலமைப்பரிசிலும் சரிவராது. படிப்பு முடிய இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆனால் சில பல்கலைக்கழகங்கள் தஞ்சம் கோரியவர்களுக்கென்றே 'சாங்சுவரி' புலமைப்பரிசில் தருகின்றன. இடங்கள் குறைவு.

1. உங்கள் பெயில் கடிதத்தில் படிக்கத் தடை இருக்கா என்று சட்டத்தரணியிடம் காட்டிக் கேளுங்கோ.

2. சான்றிதழுக்காக ஊர் அலுவலகங்களோடு தொடர்புகொள்ள முன்னமும் அவரிடம் கேளுங்கோ.

3. என்ன ஆராய விருப்பம், ஏன் என்று ஒரு பக்கம் எழுதுங்கோ. "நல்லாப் படிப்பன்" என்றால் போதாது. "யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று ஏன் கூடுது?" என்ற மாதிரி ஒரு கேள்வி வேணும்.

வழக்கு இழுபடலாம். அந்த ஒரு பக்கத்தை இன்றைக்கே தொடங்கலாம்.