பசுமைச் சான்றும் பணமும்

வெளுத்ததெல்லாம் பாலன்று, பசுமை என்று பெயர் பெற்ற கட்டடமெல்லாம் பசுமையானதுமன்று. இதனை அளந்தறிய 1990இல் பிரிட்டனில் 'பிரீயம்' என்னும் தரச்சான்று முறை தோன்றியது. ஆற்றல், நீர், கட்டுமானப் பொருள் முதலியவற்றிற்குத் தனித்தனியே மதிப்பெண் இட்டு, அவற்றைக் கூட்டித் தரம் வழங்குவது அதன் முறை.

எந்த முதலீட்டைப் பசுமையானது எனலாம் என்பதை வரையறுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் ஒரு சட்டம் இயற்றியது. 2021இல் வந்த அதன் விதிகளின்படி, மிகக் குறைந்த ஆற்றல் கட்டடத்திற்கு அந்தந்த நாடு வகுத்த வரம்பினும் 10 விழுக்காடேனும் குறைவாகப் புதிய கட்டடத்தின் ஆற்றல் தேவை இருத்தல் வேண்டும். நீர், கழிவு முதலியவற்றிலும் அது பெருந்தீங்கு செய்தலாகாது.

இவ்வேறுபாட்டை நாம் எழுதும் தேர்வைக்கொண்டே உணரலாம். சான்றிதழ் பெரும்பாலும் கூட்டுத்தொகையைப் பார்க்கிறது. சட்டமோ ஒவ்வொரு பாடத்திலும் தேர்ச்சி கேட்கிறது. தமிழில் 90 பெற்றவள் கணக்கில் 20 பெற்றால் தேர்ச்சியாவாளா? இரண்டும் இசையாவிடில், பெயரளவில் பசுமையான கட்டடத்திற்கு மக்களின் சேமிப்பு கடனாய்ப் போய்ச் சேரும். ஆகவேதான் பிரீயமும், ஜெர்மனியின் டி.ஜி.என்.பி. அமைப்பும் தம் அளவைகளைச் சட்டவிதிகளோடு ஒப்பிட்டுக் காட்டுகின்றன.

மொத்த மதிப்பெண்ணோடு நில்லாமல், அதன் உள்ளே உள்ளவற்றையும் ஆராய்ந்து பார்க்க நாமும் பழகுவோமாக!