கிரிவலமும் ஒரு லூப்தான்: பைத்தான் தொடங்குபவர்களுக்கு

பக்கத்து வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு, தமிழ்வழி. போன மாதம் கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தோடு வந்து, "அண்ணா, எனக்கு இங்கிலீஷ் சரியா வராது. அதனால புரோகிராமும் வராது. பி.சி.ஏ. வேணாம், வேற ஏதாவது சேர்ந்துடறேன்" என்றாள்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 11ஆம் வகுப்பில் சி++, 12ஆம் வகுப்பில் பைத்தான். பைத்தான் மொழிக்கென்று ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தமே 35. அதில் ஆரம்பத்தில் தேவைப்படுவது பத்து இருக்கும். அப்போ சிக்கல் இங்கிலீஷா, வேறு எதுவுமா? அதைப் பார்க்க, முதலில் தமிழிலேயே ஒரு நிரல் எழுதிப் பார்த்தோம்.

அதற்கு 'எழில்' இருக்கிறது. முத்தையா அண்ணாமலை 2007இல் தொடங்கிய தமிழ் நிரலாக்க மொழி. பைத்தானின் மேல் கட்டப்பட்டது, கட்டற்ற மென்பொருள். திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு வேறென்ன உதாரணம் எடுப்பது? கிரிவலப் பாதை 14 கி.மீ., இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். எழிலில் அது இப்படி:

லிங்கம் = 1
@( லிங்கம் <= 8 ) வரை
    பதிப்பி லிங்கம், "ஆம் லிங்கம்"
    லிங்கம் = லிங்கம் + 1
முடி
பதிப்பி "கிரிவலம் முடிந்தது"

நோட்டில் எழுதிக் கொடுத்தேன். ஒருமுறை படித்ததுமே புரிந்துவிட்டது. "நாலாவது வரியை எடுத்துட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "இந்திர லிங்கத்தையே விட்டு நகர மாட்டோம்" என்றாள். முடிவில்லாத லூப் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். இங்கிலீஷ் ஒரு சொல்கூட வரவில்லை, பாருங்கள்.

இனி பைத்தானை நிறுவுவோம்.

1. பைத்தானின் அதிகாரப்பூர்வ தளத்தில் மட்டும் இறக்குங்கள். இலவசம். பதிப்பு 3 ஆக இருக்க வேண்டும். பதிப்பு 2க்கான ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது.

2. விண்டோஸில் நிறுவும்போது 'பாத்' என்ற சொல்லோடு ஒரு சின்னக் கட்டம் வந்தால், அதை டிக் செய்யுங்கள். விட்டுவிட்டால், பிறகு கறுப்புத் திரையில் பைத்தான் என்று அடித்தாலும் கணினிக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகலாம்.

3. கூடவே வரும் 'ஐடில்' என்ற செயலியைத் திறந்து, ஃபைல் மெனுவில் நியூ ஃபைல் எடுங்கள். எழுதிச் சேமித்து எஃப்5 விசையை அழுத்தினால் நிரல் ஓடும். லூப் நிற்காமல் ஓடினால் கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்துங்கள், நின்றுவிடும்.

மேலே உள்ள நிரலில் 'வரை'க்குப் பதில் வரியின் தொடக்கத்தில் 'வைல்' (@ குறி வேண்டாம்), 'பதிப்பி' இருந்த இடத்தில் 'பிரின்ட்'. இரண்டையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். வைல் வரியின் முடிவில் முக்காற்புள்ளி, பிரின்டுக்குப் பின் அடைப்புக்குறி. 'முடி' கிடையாது. லூப்புக்குள் இருக்கும் வரிகளை நான்கு இடம் உள்ளே தள்ளி எழுதுவதுதான் அடையாளம். 'லிங்கம்' என்ற மாறியின் பெயரைத் தமிழிலேயே விடலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

ஓடியது. உடனே அவளுக்குத் தைரியம் வந்து, புத்தகத்தில் உள்ளபடி 'ஃபார்' போட்டு மாற்றி எழுதினாள். ரேஞ்ச்(1, 8) என்று கொடுத்தாள். ஏழு லிங்கத்தோடு கிரிவலம் முடிந்துவிட்டது!

"ஈசான்ய லிங்கம் எங்கண்ணா?"

இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள், இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளும் சேர்த்துத்தான். ரேஞ்சில் இரண்டாவதாகக் கொடுக்கும் எண், போய்ச் சேரும் இடம் இல்லை. அதற்கு முன்பே நின்றுவிட வேண்டிய எல்லை. எட்டு வர வேண்டுமானால் 9 கொடுக்க வேண்டும். எழிலில் 'எட்டு வரை' என்று நாமே எழுதியிருந்ததால், எது குறைகிறது என்று அவளால் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடிந்தது.

ஆக, வராதது இங்கிலீஷ் இல்லை. எங்கே தொடங்கணும், எங்கே நிக்கணும், நடுவில் எது மாறணும் என்று யோசிக்கிற பழக்கம்தான் புதுசு. அதைத் தாய்மொழியில் பழகிவிட்டால், 35 சொல் பெரிய சுமை இல்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் ஒவ்வொரு நிரலையும் முதலில் நோட்டில் தமிழில் எழுதிவிட்டு, அப்புறம் ஐடில் பக்கம் போங்கள்.

அடுத்த பயிற்சி: எட்டு லிங்கங்களின் பெயர்களை ஒரு பட்டியலில் வைத்து, வரிசையாக அச்சிடுவது. ஒரு எச்சரிக்கை: பைத்தான் பட்டியலில் இந்திர லிங்கத்தின் எண் 1 இல்லை, 0.

பி.சி.ஏ. பற்றி அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயிற்சியை முடித்துவிட்டு, பௌர்ணமி நாட்களைக் கணக்குப் போட முடியுமா என்று நேற்று வந்து கேட்டாள்.