ஈரத்துக்கு மூன்று கிலோ

எட்டியாந்தோட்டைப் பக்கம் மழை நாளில் பின்னேரக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனால் ஒரு வழக்கு தவறாமல் நடக்கும். தராசு இருபத்தொன்று காட்டும். கணக்கப்பிள்ளை கொப்பியில் பதினெட்டு என்று எழுதுவார்.

"ஏங்கய்யா, மூணு கிலோவா வெட்டுறது?"

"கொழுந்தப் புழிஞ்சா தண்ணி ஊத்துது, பாரும்மா."

அவ்வளவுதான் தீர்ப்பு. தராசு டிஜிட்டலாகி இலக்கத்தைச் சிவப்பில் காட்டுகிறது. ஈரத்தை அளப்பது மட்டும் இன்னும் கணக்கப்பிள்ளையின் கண்ணும் கையும்தான். அந்த மூன்று கிலோவில் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, அரைப்பேராகிவிடும் நாள்களும் உண்டு.

இந்த வழக்கை ஓர் உலகப் போட்டிக்குக் கொண்டுபோகலாம் என்றால் மடுவத்தில் சிரிப்பார்கள். ஆனால் ஈர நெல் போயிருக்கிறது. 2018 இல் ஹல்ட் பரிசை வென்றது லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜ் மாணவர் குழு. தென்கிழக்காசியாவின் சிறு விவசாயிகள் அறுவடை செய்த நெல்லைச் சரியாகக் காயவைக்க வழியின்றி இழப்பதைப் பார்த்து, அவர்களுக்கு எட்டக்கூடிய உலர்த்தும் வசதியை ஒரு தொழிலாக வகுத்துக் காட்டினார்கள். பரிசு பத்து இலட்சம் அமெரிக்க டொலர். அது கையில் கொடுத்துவிட்டுப் போகும் பணமல்ல. தொழிலைத் தொடங்குவதற்கான முதல்.

ஹல்ட் சர்வதேச வணிகக் கல்லூரியின் பெயரில் 2010 முதல் நடக்கும் போட்டி இது. சில மாணவர் சேர்ந்து குழுவாவார்கள். பல்கலைக்கழகச் சுற்றில் தொடங்கி, படிப்படியாக இறுதிச் சுற்று. மொறட்டுவை, கொழும்பு, ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்களிலும் மாணவர்கள் முதற் சுற்றை நடத்தியிருக்கிறார்கள்.

வென்றவர்களின் பட்டியலில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஹைதராபாத். 2014 இல் நகரச் சேரிகளில் நாட்பட்ட நோய் என்பதே போட்டியின் தலைப்பு. அங்குள்ள இந்தியன் ஸ்கூல் ஒஃப் பிஸ்னஸ் மாணவர்கள் ஐவர் 'நனோஹெல்த்' என்ற திட்டத்தோடு போனார்கள். புதிய மருந்தோ பெரிய இயந்திரமோ அவர்களிடம் இல்லை. இருந்தது ஒரு பை. இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கும் கருவிகள் அதற்குள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகும், அதே பகுதியில் வாழும் ஒரு சுகாதாரப் பணியாளர். நியூயோர்க்கில் பில் கிளிண்டன் அவர்கள் பெயரைத்தான் அறிவித்தார். 2017 இல் வென்ற ரட்கர்ஸ் பல்கலைக்கழகக் குழுவின் திட்டமும் கராச்சியின் ஓரங்கியில் முச்சக்கரவண்டியைப் பங்குபோட்டுப் பயணம் செய்வதுதான். பையும் ஓட்டோவும்!

எட்டியாந்தோட்டை இருக்கும் சப்ரகமுவவுக்கு வருவோம். பலாங்கொடையைத் தாண்டி பெலிஹுல்ஓயாவில் இருக்கிறது சப்ரகமுவ பல்கலைக்கழகம், 1995 இல் உருவானது. விவசாயம், புவித் தகவல், கணினி, தொழில்நுட்பம், முகாமைத்துவம் எல்லாம் அங்கே படிக்கலாம். அண்ணாந்து பார்த்தால் ஹோர்ட்டன் சமவெளி வரை ஏறும் நொன்பரேல் தோட்டம். இரத்தினபுரியில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் தாழ்நிலப் பிரிவு, சென்ட் ஜோக்கிம் தோட்டத்தில். ஆய்வுகூடத்துக்கும் லயத்துக்கும் நடுவே இவ்வளவு குறைந்த தூரம் வாய்த்த பல்கலைக்கழகங்கள் அதிகமில்லை.

ஈரத்தை அளக்க என்ன வேண்டும்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், பொறியியல் தெரிந்தவர்கள் திருத்தட்டும். கூடையிலிருந்து ஒரு கிலோ கொழுந்தை வலைப்பையில் அள்ளி நிறுக்கிறோம். பழைய சைக்கிள் சில்லில் கட்டி ஒரு நிமிடம் சுற்றினால் மேலே ஒட்டிய தண்ணீர் தெறித்துப் போகும். திரும்ப நிறுத்தால் 900 கிராம் என்று வையுங்கள். பத்தில் ஒரு பங்கு தண்ணீர். இருபது கிலோவுக்கு இரண்டு கிலோ. மூன்று இல்லை. சில நாள் நான்காகவும் இருக்கலாம், அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஃபெக்டரிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. நனையாத கொழுந்திலேயே முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நாலரைக் கிலோ போட்டால்தான் ஒரு கிலோ தூள். மேலே ஒட்டிய மழைத்தண்ணீரை வாட்டும் தொட்டியில் போக்க விறகும் கரண்டும் தனியாக எரியும்.

றப்பர் மலையில் இதைவிடச் சிக்கல். விடியற்காலை பால் வெட்டும் நேரத்தில் பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்கு வராமல் மரத்தோடு வழிந்தோடிவிடும். அன்றைக்கு வேலையே இல்லை. மழையோடு வரும் மண்சரிவைப் பற்றி எழுதப்போனால் இந்தப் பக்கம் போதாது. 2016 மே மாதம் அரநாயக்கவையும் புளத்கொஹுபிட்டிய களுப்பஹன தோட்ட லயத்தையும் மண் மூடியதை மறந்தவர் இங்கே யார்?

இந்தச் சிக்கல்களை அறிந்த லயத்துப் பிள்ளைகள் கம்பஸ் போவது முன்னைவிடக் கூடியிருக்கிறது. போனதும் பலர் முதலில் மறைக்கப் பழகுவது விலாசத்தைத்தான். போட்டிக் குழுவில் யோசனை தேடும்போது கொழும்பின் வாகன நெரிசல், சாப்பாட்டுப் பார்சல், செயலி என்று போகும் பேச்சில், மடுவத்தைப் பற்றி வாய்திறக்க ஒரு துணிச்சல் வேண்டும். அதிலும் நாலைந்து நிமிடத்தில், இங்கிலிஷில். 'அரைப்பேர்' என்பதை இங்கிலிஷில் எப்படிச் சொல்வது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஒரு சொல்லில் வரவில்லை.

மடுவத்தில் இப்போதைக்கு நடக்கும் ஆய்வு வேறு. வரிசையில் நிற்கும்போதே கொழுந்தைப் படங்கில் கொட்டி, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி உதறுகிறார்கள். தண்ணீர் கொஞ்சம் தெறிக்கிறது. பிறகு திரும்பவும் கூடையில் அமுக்கி, முறை வரும்வரை நனையாமல் இருக்க அதே படங்கால் மூடிவைக்கிறார்கள்.