வேறு வைத்த அடுப்பு

பள்ளத்தூரில் ஒரு செட்டிநாட்டு வீட்டின் முகப்பைத் தாண்டி வளவுக்குள் போனால், நடுவாசலைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கணக்கில் அவன் ஒரு தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். கல்யாணம் முடிந்த சில காலத்திலேயே பிள்ளையையும் மருமகளையும் 'வேறு வைத்துவிடுவது' அவர்கள் வழக்கம். வீட்டை விட்டு அனுப்புவதாக நினைத்துவிட வேண்டாம். அதே கூரை, அதே முகப்பு, அதே சாமி அறை. அடுப்பு மட்டும் வேறு. ஓராண்டுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, பாத்திரம், கைச்செலவுக்குப் பணம் என்று பெரியவர்கள் ஓர் அளவு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடித்தனம் நடத்துவது அந்த இருவர் பாடு. தென்னிந்தியக் குலங்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளிலும், ஒரே வீட்டுக்குள் தனித்தனியாக உலை வைக்கும் இந்தப் பழக்கம் பதிவாகியிருக்கிறது.

வெளியூர்க்காரருக்கு இது கறாராகத்தான் தெரியும். லட்சாதிபதி வீட்டு மருமகள் அரிசியை ஆழாக்கால் அளந்து போடுவதா? ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்குக் கடனின் குணம் நன்றாகத் தெரியும். ஊர் உலகத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் அவர்கள்.

பள்ளத்தூர்க்காரரான திவான் பகதூர் ஏ.எம்.முருகப்ப செட்டியார் சிறு வயதிலேயே கப்பலேறி பர்மாவுக்குப் போனவர். உறவினர் கடையில் தொழில் பழகி, 1900-இல் மௌல்மீனில் சொந்தமாக வட்டிக்கடை வைத்தார். ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழையும் முன்பே அந்தக் குடும்பம் முதலை ஊருக்குத் திருப்பிவிட்டது. 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, 1978-இல் சோழமண்டலம் நிதி நிறுவனம் வந்தது. இன்று லாரிக்கும் டிராக்டருக்கும் கடன் கொடுக்கும் அந்த நிறுவனத்தின் வேர் மௌல்மீன் கடையில் இருக்கிறது.

அந்தக் கடைகளில் வேலைக்குச் சேரும் சிறுவன் முதலில் பெட்டியடிப் பையன். பிறகு அடுத்தாள், அதன் பிறகு கடையைப் பொறுப்பேற்று நடத்தும் மேலாள். மேலாளுக்குப் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கு. சம்பளச் சீட்டு எழுதி, சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாக ஊரில் குடும்பத்திடம் கொடுத்துவிடுவார்கள். கடையில் அன்றாட வரவுசெலவு சிட்டையில் ஏறும். சிட்டையிலிருந்து பேரேட்டுக்குப் போகும். முதலாளியின் பணத்தையும் தன் பணத்தையும் கலக்காமல் மூன்றாண்டு காலம் கடல் கடந்து உட்கார்ந்திருப்பது எளிதான காரியமல்ல. வேறு வைத்த அடுப்பும் இந்தப் பேரேடும் ஒரே படிப்பின் இரண்டு பாடங்கள் என்றே சொல்லலாம்: கையில் எவ்வளவு இருக்கிறது, அது யாருடையது என்பது எப்போதும் தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனை கணக்குத் தெரிந்தவர்களையும் கணக்கு ஏமாற்றியது என்பதுதான் கதையின் முக்கியமான பகுதி.

ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடு திருத்தி நெல் விளைவித்த பர்மிய விவசாயிக்கு விதைக்கும் மாட்டுக்கும் அறுப்புக் கூலிக்கும் பணம் தேவைப்பட்டது. உள்ளூர் லேவாதேவிக்காரரைவிடச் செட்டியார் கடையில் வட்டி குறைவு. 1929–30-இல் விசாரணை நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும் அவர்கள் கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அந்தக் காலத்து 75 கோடி. நிலம் ஈடு, வருடா வருடம் அறுவடையில் வட்டி, தேவைப்பட்டால் மறுபடி கடன். நெல் விலை நின்றவரை எல்லாம் சரியாகவே ஓடியது.

1930-இல் உலகப் பெருமந்தம் பர்மாவையும் எட்டியது. நெல் விலை பாதாளத்துக்குப் போனது. கடன் வாங்கியவரால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடைக்காரர் பெயருக்கு மாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்தது 6 சதவீத நிலம். 1938-இல் அது 25 சதவீதம், ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர். லாபமாகத் தெரியலாம். வட்டிக்கடைக்காரருக்கோ அது பணம் முடங்கிப்போனதன் அடையாளம். நிலத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? நிலம் பறிபோன பர்மியரின் கோபம் அரசியலானது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது கடைகளைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. 1948-இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. கடன் வாங்கியவன் நிலத்தை இழந்தான், கொடுத்தவன் எல்லாவற்றையும் இழந்தான்.

இங்கே பர்மிய விவசாயி தகுதிக்கு மீறி வாழ்ந்ததாகச் சொல்ல முடியாது. அவன் பெரும்பாலும் சாகுபடிக்குத்தான் வாங்கினான். இரண்டு தரப்பும் செய்த பிழை ஒன்றே. நெல் விலை இப்படியே இருக்கும் என்று நம்பினார்கள்.

அதே நம்பிக்கைதான் செட்டிநாட்டில் வீடாக எழுந்து நின்றது. பர்மாத் தேக்குத் தூண், இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள். அடுப்படியில் அரிசியை அளந்தவர்கள் வீட்டையும் கல்யாணச் சீரையும் அளக்கவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பணம் அவர்களுடையதுதான், யாரிடமும் கடன் வாங்கிக் கட்டியதாகச் சொல்வதற்கில்லை. ஆனாலும் அப்படியொரு வீட்டைக் கட்டிக் காப்பாற்ற, கடலுக்கு அப்பாலிருந்து வருடந்தோறும் பணம் வந்துகொண்டே இருக்க வேண்டும். பணம் நின்றது. பங்காளிகள் பிரித்துக்கொள்ள முடியாத வீடுகள் பூட்டிக் கிடந்தன. சில வீடுகளில் தூணையும் நிலையையும் பெயர்த்து விற்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இன்றும் அந்தத் தூண்கள், எனாமல் பாத்திரங்கள், ரவிவர்மா படங்கள் விலைக்குக் கிடைக்கும்.

'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். விரல் எவ்வளவு பெரியது என்பது அடுத்த வருட வருமானத்தைப் பொறுத்தது. அது யாருக்கும் தெரியாது. இருபது வருட வீட்டுக் கடனில் கையெழுத்துப் போடுகிறவர், இருபது வருடமும் சம்பளம் வரும் என்று எழுதிக் கொடுக்கிறார். 2020 மார்ச்சில் கொரோனா முடக்கம் வந்தபோது ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. தவணைதான் நின்றது, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. சலுகை என்று நினைத்துத் தள்ளிவைத்த பலருக்குக் கடைசியில் கூடுதல் மாதங்கள் கட்ட வேண்டியிருந்தது.

இன்றைய கடன் வேறு ஒரு வகையிலும் பழைய கடனிலிருந்து மாறுபட்டது. அது கேட்காமலே வருகிறது. இந்தியாவில் புழக்கத்தில் உள்ள கிரெடிட் கார்டுகள் 2024 தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டின. ஈடு இல்லாத நுகர்வோர் கடன் வேகமாகப் பெருகுவதைப் பார்த்து, 2023 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடிவாளம் போட்டது; அத்தகைய கடன்களுக்குக் கூடுதல் மூலதனம் ஒதுக்கச் சொன்னது.

கார்டு கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 50,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 'குறைந்தபட்சம் 5 சதவீதம் கட்டினால் போதும்' என்கிறது பில். 2,500 ரூபாய் கட்டுகிறார். அதில் வட்டி 1,750. வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 315. அசலில் கழிவது 435 ரூபாய்! மாதம் தவறாமல் கட்டுகிறவர்தான், ஒழுக்கமானவர்தான். ஆனாலும் கடன் அசையாது. 'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பூஜ்ய வட்டி என்று ஒன்று உண்மையில் கிடையாது, அது வேறு கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளுக்கு எழுதியது. விளம்பரம் பெயரை மாற்றிக்கொண்டு இன்னும் ஓடுகிறது.

புது போனுக்கும் பெரிய டிவிக்கும் இப்படிச் சிக்கிக்கொள்கிறவரிடம், 'ஆசையை அடக்கு' என்று சொல்ல நியாயம் உண்டு. அவர் தேர்ந்தெடுத்தார். ஆனால் அதே வசனத்தை எல்லோரிடமும் சொல்ல முடியாது. சந்தையில் காய்கறி விற்கும் பெண் தண்டலுக்குப் பணம் வாங்குகிறார். பத்தாயிரம் என்று பேச்சு. கைக்கு வருவது 8,500. தினமும் நூறு ரூபாய், நூறு நாள். அவர் ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை, மறுநாள் விடியற்காலை மூட்டை எடுக்க வாங்குகிறார். வேறு வைப்பதற்கும் முதலில் அளந்து கொடுக்க ஓராண்டு அரிசி வேண்டுமே. பெரிய வீடுகள் நிறைந்த இதே பள்ளத்தூரில்தான் நடிகை மனோரமாவும் வளர்ந்தார். நாடக மேடையில் 'பள்ளத்தூர் பாப்பா' என்று பெயரெடுக்கும் முன், அவருடைய தாய் வீட்டு வேலை செய்து பிள்ளையை வளர்த்தார். அளந்து செலவழிக்க அவருக்கு யாரும் பாடம் எடுத்திருக்கத் தேவையில்லை.

தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்த சட்டம் தமிழ்நாட்டில் 2003-இல் வந்தது. மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தபோதுதான், சட்டம் காகிதத்தில் மட்டும் இருந்தது பலருக்கு உறைத்தது. வசூல் என்ற பெயரில் மிரட்டுவதைத் தண்டிக்க 2025-இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது.

பள்ளத்தூருக்கு வடக்கே புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கடனுக்கு இன்னொரு முகம் உண்டு. ஆடி, ஆவணியில் மொய் விருந்து. பலர் சேர்ந்து பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டு, வரும் மொய்யை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. வாங்கிய தொகையை, கொடுத்தவர் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாதவர் பெயர் ஊருக்கே தெரியும். கிணறு வெட்டவும் கடை வைக்கவும் இது பலருக்குக் கை கொடுத்திருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பிறகு மொய்யும் படுத்துவிட்டது. திருப்பிச் செய்ய வேண்டியவர்கள் எல்லோருக்கும் ஒரே புயல்.

அப்படியானால் பொறுப்பு யாருடையது? வாங்குகிறவருடையது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கொடுக்கிறவரின் பங்கைக் கேட்காமல் விடுவது சரியாகாது. 2010-இல் ஆந்திரத்தில் ஒரே பெண்ணுக்கு நான்கைந்து நுண்கடன் நிறுவனங்கள் போட்டி போட்டுக் கொடுத்து, பிறகு வசூலிக்க வாசலில் நின்றன. அரசு அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. அந்தப் பாடம் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் பொதுவான விதியாக வரப் பன்னிரண்டு வருடம் ஆனது. 2022 ஏப்ரல் முதல், ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு நுண்கடன் கொடுக்கும்போது, அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அதைக் கணக்குப் பார்க்க வேண்டியவர் கடன் கொடுப்பவர். பாதி என்பதே அதிகம் என்று வாதிடலாம். எல்லை என்று ஒன்று வந்ததே நல்லது.

2024 அக்டோபர் 1 முதல் இன்னொரு விதியும் நடைமுறையில் இருக்கிறது. சில்லறைக் கடன் கொடுக்கும் வங்கியும் நிதி நிறுவனமும், கையெழுத்துக்கு முன்பே முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும். கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் இருக்க வேண்டும். வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். பள்ளத்தூர்க்காரர் தமிழில் கேட்கலாம், கொடுத்தாக வேண்டும். பைக் கடைக்காரர் 'பத்து பர்சென்ட் பிளாட்' என்று சொல்லும், அதாவது அசல் குறைந்தாலும் முழு அசலுக்கே வட்டி போடும், மூன்றாண்டுக் கடன், அந்தத் தாளில் ஏறக்குறைய 18 என்று எழுதப்பட்டிருக்கும். தாளில் குறிப்பிடாத எந்தக் கட்டணத்தையும் பிறகு வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வாங்க முடியாது.