வடசென்னைக்கு மண் சுமந்த ஆறு

எண்ணூரில் முகத்துவாரக்குப்பம் என்று ஒரு மீனவர் ஊர் இருக்கிறது. பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் வாசலை ஒட்டிய குப்பம் அது.

ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் ஆறு மணல் திட்டை உடைத்து வாசலைத் திறக்கும். கோடையில் ஆறு இளைத்துப் போகும். அப்போது கடல் அலை மணலைக் குவித்து வாசலை அடைக்கப் பார்க்கும். திறப்பது ஆறு, அடைப்பது கடல். இந்த இழுபறி இன்று நேற்று ஏற்பட்டது அல்ல.

ஆறு செய்யும் வேலை

ஆறு தண்ணீரை மட்டுமா கொண்டு வருகிறது? மேட்டில் ஓடும்போது பாறையை அரிக்கிறது. கல்லோடு கல்லை உரசிக் கூழாங்கல் ஆக்குகிறது. சமவெளிக்கு வந்ததும் அதன் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் சுமை தாங்குமா? முதலில் கல்லையும், பிறகு மணலையும், கடைசியில் வண்டலையும் இறக்கி வைத்துவிடுகிறது. அப்படி இறக்கி வைத்த இடம்தான் நாம் குடியிருக்கும் ஊர்!

கொசஸ்தலை ஆற்றின் நீளம் சுமார் 136 கிலோ மீட்டர். ஆனால், மீஞ்சூர்ப் பக்கத்து மண்ணுக்கு அடியில் கிடக்கும் மணல், இந்தச் சிறிய ஆறு மட்டும் கொண்டு வந்தது அல்ல. பாலாறு ஒரு காலத்தில் இவ்வழியாக ஓடிக் கடலில் கலந்தது என்று நிலவியல் அறிஞர்கள் கருதுகிறார்கள். பிறகு அது தெற்கே திரும்பிவிட்டது. அது விட்டுச் சென்ற மணலுக்குள் நல்ல தண்ணீர் இருந்தது.

1960-களின் பிற்பகுதியில் நடந்த ஆய்வில் இந்த நீர் தெரிய வந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். மணலித் தொழிற்சாலைகளுக்கும் அந்தத் தண்ணீர் போயிற்று. அளவுக்கு மீறி இறைத்ததன் பலன் என்ன? நல்ல நீர் இறங்கிய இடத்தில் கடல் நீர் ஏறியது. மீஞ்சூர்க் கிணறுகளில் உப்புக் கரித்தது.

மணலுக்கு விழுந்த தடை

1944-ம் ஆண்டு பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிந்தது. சென்னையின் தாகம் தணிய அது பெரிதும் உதவியது. ஆனால், தண்ணீரோடு வந்த மணலும் அங்கே தங்கிவிட்டது.

கடலிலும் ஒரு தடை உண்டு. இந்தக் கரையில் ஆண்டின் பெரும் பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1876-ல் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் கற்சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். வடக்கே போன மணல் சுவரில் மோதித் தெற்கே தங்கியது. மெரினா அகன்றது. ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போக வேண்டிய மணல் போகவில்லை. பசித்த கடல் கரையைத் தின்றது. வீடுகளும் தெருக்களும் போயின. இன்று அங்கே கரையைக் காத்து நிற்பது கருங்கல் குவியல்தான்.

வாசல் அடைபட்டால்?

முகத்துவாரத்துக்குப் புதிய சுமைகளும் வந்து சேர்ந்தன. அனல் மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்தது. ஆழம் குறைந்தது. இறாலும் மீனும் வளர்ந்த இடம் மேடாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெயும் வந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுத்தன. மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் தவித்தார்கள்.

இது குப்பத்து மக்களின் கஷ்டம் மட்டுமல்ல. மேலே பெய்யும் மழை இந்த வாசல் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். வாசல் குறுகினால் வெள்ளம் எங்கே போகும்? மணலிக்கும் எண்ணூருக்கும்தான் திரும்பும்!

ஆறு தன் வழியை மறப்பதில்லை. மனிதர்கள் அடைத்து வைத்தாலும், ஒரு கார்த்திகை மழையில் அது பழைய வழியைத் தேடி வந்துவிடும். அப்போது வாசல் திறந்திருக்க வேண்டும்.