தீர்வைச் சலுகையும் சட்டமன்றப் பேச்சும்

விற்போர்க்கும் கொள்வோர்க்கும் இடையே நாட்டெல்லை குறுக்கிடுமிடத்து இறக்குமதித் தீர்வை தோன்றுகின்றது. ஒரு நாட்டுக்குக் காட்டிய தீர்வைச் சலுகையை உறுப்பு நாடுகள் யாவற்றுக்கும் காட்டுதல் வேண்டும் என்பது, 1947ஆம் ஆண்டில் உருவாகிய தீர்வை வாணிபப் பொது உடன்படிக்கையின் முதல் உறுப்புரையாகும். தோற்றத்தில் இது நடுவுநிலை பிறழாத விதியே. ஆயின், நெடுங்காலக் கைத்தொழிற் பயிற்சியுடைய நாட்டையும், அண்மையில் விடுதலை பெற்று மூலப்பொருள் விற்று வாழும் நாட்டையும் ஒரே நிரையில் நிறுத்திப் போட்டியிடச் செய்தல் நீதியாகுமா என்ற வினா விரைவில் எழுந்தது.

1964இல் செனீவாவிற் கூடிய ஐக்கிய நாடுகளின் வாணிப அபிவிருத்தி மாநாட்டில் இவ்வினா வலுப்பெற்றது. அதன் முதற் செயலாளர் நாயகமாகிய ஆர்செந்தீனப் பொருளியலறிஞர் இரவுல் பிரெபிசு, மூலப்பொருள் விலை செய்பொருள் விலையை நோக்க நாளடைவில் வீழ்ச்சியுறும் என்றார். ஆகலின், வறிய நாடுகளின் செய்பொருள்களுக்குச் செல்வ நாடுகள் குறைந்த தீர்வையில் வழிவிடல் வேண்டும் என்பது அவர் துணிபு. 1968இற் புதுதில்லியில் நிகழ்ந்த இரண்டாம் மாநாடு இச்சலுகைக்கு மூன்று இலக்கணங்களை வகுத்தது: யாவர்க்கும் பொதுவாதல், கைம்மாறு கருதாமை, பாகுபாடு காட்டாமை. 1971இற் பொது உடன்படிக்கையின் உறுப்பினர் பத்தாண்டுக்கு விதிவிலக்களித்தனர். ஐரோப்பியப் பொருளாதார சமூகம் அவ்வாண்டு யூலையிற் சலுகையைத் தொடங்கிற்று. 1979இல் அவ்விலக்கு நிலையானதாயிற்று.

ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. மேற்கூறிய விலக்கு, சலுகை ‘அளிக்கலாம்’ என்றதேயன்றி ‘அளித்தல் வேண்டும்’ என்றிலது. எந்நாட்டுக்கு, எப்பொருளுக்கு, எத்தனை ஆண்டுக்கு என்பவற்றை அளிப்போரின் சட்டமன்றமே தீர்மானிக்கும். இருதரப்பு உடன்படிக்கையில் இருசாராரும் ஒரே மேசையில் அமர்வர். இங்குப் பெறுவோர்க்கு ஆசனமில்லை.

எனினும், பெறுவோர் குரல் கேட்கப்பட்ட இடமும் ஒன்று உண்டு. போதைப்பொருளை ஒழிக்க முயலும் நாடுகளுக்கென ஐரோப்பா வகுத்திருந்த தனிச்சலுகையிற் பாக்கித்தான் 2002இற் சேர்க்கப்பட்டது. இந்தியா இதனை எதிர்த்து உலக வாணிப நிறுவனத்தில் வழக்கிட்டது. வளர்முக நாடுகளை வேறுபடுத்தலாம்; ஆயின் ஒத்த தேவையுடையார்க்கு ஒத்த சலுகை கிடைத்தல் வேண்டும் என 2004இல் மேன்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின், மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சூழல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஏற்கும் நாடுகளுக்கென ஒரு சிறப்புத் திட்டம் வகுக்கப்பட்டது.

அத்திட்டத்தில் 2005இல் இலங்கையும் இடம்பெற்றது. பெரும் பயனெய்தியது ஆடைத் தொழிலாகும். சித்திரவதை, குடியியல் அரசியல் உரிமைகள், சிறுவர் உரிமை என்பன பற்றிய மூன்று உடன்படிக்கைகள் செவ்வனே நிறைவேற்றப்படவில்லை எனக் கண்டு, 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் சலுகையை நிறுத்திற்று; 2017 மேயில் மீண்டும் அளித்தது. நிபந்தனைகள் மக்களின் உரிமையைக் காப்பன என்பது மெய்யே. ஆயினும் கடமை தவறுவது அரசு. கட்டளைகள் குறையின் வேலையிழப்பது தையற்பொறி முன் அமர்ந்த பெண். இம்முரண்பாடு இன்றுவரை தீர்ந்திலது.

2012இல் இயற்றப்பட்ட ஐரோப்பியச் சட்டம் 2023 இறுதியில் முடிவுறவிருந்தமையால், ஆணைக்குழு 2021 செப்டெம்பரிற் புதிய வரைவை முன்வைத்தது. மக்கள் தேர்ந்த பாராளுமன்றமும், உறுப்பு அரசுகளின் அமைச்சர் அமர்ந்த பேரவையும் ஒருப்பட்டாலன்றி வரைவு சட்டமாகாது. ஐரோப்பாவில் தங்கும் உரிமையற்ற தன் குடிகளைத் திரும்ப ஏற்க மறுக்கும் நாடு சலுகையை இழக்கலாம் என்ற புதிய விதியை அரசுகள் விரும்பின. வறுமை நீக்கும் கருவியைக் குடிவரவுத் தடுப்புக் கருவியாக்கல் தகாது எனப் பாராளுமன்றம் மறுத்தது. அரிசியும் பிணக்காயிற்று. இத்தாலியின் வேண்டுகோளால் 2019இற் கம்போடிய, மியன்மார் அரிசிக்குத் தொன் ஒன்றுக்கு முதலாண்டில் 175 யூரோத் தீர்வை விதிக்கப்பட்டிருந்தது. அத்தகைய காப்பு இனித் தானாகவே இயங்குதல் வேண்டுமென நெல் விளைக்கும் அரசுகள் கோரின. 2023இற் பேச்சு முறிந்தது. பழைய சட்டத்தின் காலம் 2027 இறுதிவரை நீட்டப்பட்டது.

புதுதில்லியில் வகுத்த இலக்கணங்களுள் ‘கைம்மாறு கருதாமை’ இவ்வாறு சிறிது சிறிதாக நெகிழ்ந்தது. தீர்வைக்குத் தீர்வை கேட்கப்படவில்லை. ஆயின் வேறு கைம்மாறுகள் கேட்கப்பட்டன. இளங்கைத்தொழில் வேரூன்றும் வரையிலான ஊன்றுகோலாகவே பிரெபிசு இச்சலுகையை எண்ணினார். வேற்றுநாட்டு மன்றத்தின் ஒரு வாக்கெடுப்பில் நீங்கக்கூடிய ஊன்றுகோலை நம்பி நிற்கும் நாடு, அது கையிலுள்ள காலத்திலேயே பல பொருள் செய்யவும் பல சந்தை தேடவும் பழகுதல் வேண்டும்; 2004ஆம் ஆண்டுத் தீர்ப்புப் போன்ற பொதுவிதிகளை ஏனைய வளர்முக நாடுகளோடு கூடி நாடுதலும் வேண்டும்.