உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

என் மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. ஜன்னலோரம் மடியில் போட்டு முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். மேல்வரிசை முன்பற்களில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளையாக ஒரு கோடு. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். “கால்சியம் பத்தலை, டானிக் வாங்கிக் குடு.” “நம்ம பரம்பரைக்கே பல்லு வீக்குதான்.” “பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும், விடு.” விட்டேன். ஆறு மாதத்தில் அந்தக் கோடு பழுப்பாகி, ஒரு பல்லின் ஓரம் பொடிந்து உதிர்ந்தது.

அன்று யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பல் வலுவில்லாமல் முளைப்பதில்லை. முளைத்த பிறகுதான் வலுவிழக்கிறது. பால் பல்லின் எனாமல், நிலைப்பல்லின் எனாமலில் ஏறக்குறைய பாதி கனம்தான் இருக்கும். வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அமிலம் எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது, உமிழ்நீர் அதைத் திரும்பக் கொண்டுவந்து பூசுகிறது. பகலெல்லாம் நடக்கும் இந்தக் கரைப்பும் பூச்சும் இரவில் நிலைகுலைகிறது. குழந்தை தூங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் வாயில் சர்க்கரை போட்ட பால் புட்டி இருந்தால், மேல் முன்பற்கள் விடிய விடிய அந்தப் பாலில் ஊறுகின்றன. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிக்கின்றன. மேலே நான்கு பல் சொத்தை, கீழே நான்கும் முத்துப் போல வெள்ளை என்றால் இரவுப் பால்தான் காரணமாக இருக்கக்கூடும்.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு வயதுக்குப் பிறகு, மார்பை வாயில் வைத்தபடியே இரவு முழுதும் தூங்கும் பழக்கத்தை மட்டும் மெல்ல மாற்றுங்கள். புட்டிப் பால் என்றால், குடித்து முடித்துப் பல் துலக்கியபின் தூங்கட்டும். பகலில் இன்னொரு வழக்கம் உண்டு. பருப்புச் சோற்றை விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு விளையாடும் பிள்ளைகள் எத்தனை பேர்! அப்படி ஒதுக்கிய சோறும் சர்க்கரையாகத்தான் மாறுகிறது. அதேபோல, நான்கு பிஸ்கட்டை ஒரே வேளையில் தின்பதைவிட, மணிக்கொன்றாக நாள் முழுதும் கொறிப்பது பல்லுக்குக் கூடுதல் கேடு.

கால்சியம் டானிக் விஷயத்தில் நம் வீடுகளில் பெரிய குழப்பம் இருக்கிறது. வாயில் தெரியும் பால் பல்லின் எனாமல், ஏற்கெனவே கட்டி முடித்த சுவர். டானிக் குடித்து அதைக் கெட்டியாக்க முடியாது. கெட்டியாக்குவது வெளியிலிருந்து படும் ஃபுளோரைடு. முதல் பல் முளைத்த நாளிலிருந்து, காலையும் இரவும், ஃபுளோரைடு பேஸ்ட்டை ஓர் அரிசியளவு தொட்டு நீங்களே துலக்கிவிட வேண்டும். மூன்று வயதுக்கு மேல் பட்டாணியளவு. துலக்கியபின் துப்பினால் போதும், கொப்பளிக்கத் தேவையில்லை. பேஸ்ட் உறையில் 1000 பிபிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். குழந்தைகளுக்கென்று விற்கும் சில பேஸ்ட்டுகளில் ஃபுளோரைடே இருக்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்க்காரர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பல்லில் விழும் பழுப்புக் கறை, சொத்தையால் அல்லாமல் அந்த மிகை ஃபுளோரைடால் வருவதாக இருக்கலாம்.

பிறவியிலேயே எனாமல் குறையுள்ள பிள்ளைகளும் உண்டு. குறைமாதத்தில் பிறந்தவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அந்தப் பல் முளைக்கும்போதே திட்டோடும் குழியோடும் வரும். நல்லபடியாக முளைத்துப் பின்னர் நிறம் மாறினால் அது பெரும்பாலும் சொத்தை. இரும்புச் சத்து சொட்டு மருந்தால் வரும் கறுப்பு வெறும் மேற்பூச்சுக் கறைதான், பயம் வேண்டாம். சொத்தையை இன்றும் ‘பூச்சிப் பல்’ என்று சொல்லி, பூச்சி எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். பல்லில் புழு கிடையாது. அங்கே போய்வரும் நாட்களில் சொத்தை இன்னும் ஆழமாகும்.

வெள்ளைக் கோடாக இருக்கும்வரை துளை விழவில்லை என்று பொருள். அதைத் திருப்ப முடியும்: இரவுப் பாலை முறைப்படுத்தி, பேஸ்ட்டால் துலக்கி, மருத்துவர் ஃபுளோரைடு வார்னிஷ் பூசினால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். குழி விழுந்த பிறகும், துளைபோடும் இயந்திரம் இல்லாமல் சொத்தையை நிறுத்தும் சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற மருந்து இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் கறுத்துப்போகும், அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஈறில் கொப்புளம், கன்னத்தில் வீக்கம், காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஓட வேண்டும். சென்னைக்காரர்களுக்குக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

குழந்தையின் பல்லைப் பார்த்து அம்மாவைக் குற்றம் சொல்லும் உறவுகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நள்ளிரவில் அழும் பிள்ளைக்குப் பால் கொடுத்தது பாசத்தால். திட்டுவதை விட்டுவிட்டு, இரவுத் துலக்கலையாவது நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

‘பால் பல்லுதானே’ என்று விட்டுவிடவும் கூடாது. பால் பற்கள் 20. முன்பற்கள் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் விழுந்துவிடும், ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருந்து, பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டும். ஆறு வயதையொட்டி அவற்றுக்கும் பின்னால், எதுவும் விழாமலே, ஒரு பெரிய கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கும். பல பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது நிலைப்பல். போனால் திரும்ப முளைக்காது.